இன்ஜின் ஏன் நடுங்குகிறது? - ஒரு கேள்வியின் நூறு வருட வரலாறு



காமர்ஸ் படிக்கிற பிள்ளைக்குக் கார் இன்ஜினில் என்ன வேலை என்று வகுப்பில் கேட்பார்கள். கேட்கட்டும். கட்டுரையின் பாதி வழியில் ஒரு நோபல் பரிசு வருகிறது, அதுவும் பொருளாதாரத்துக்கு. அதுவரை கொஞ்சம் கிரீஸ் வாசனையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். :-)

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் மெக்கானிக்கிடம் போய்ச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "அண்ணே, ஐடிலிங் நிக்கல. சிக்னல்ல நின்னா வண்டியே நடுங்குது." இந்த நடுக்கத்துக்குக் காரணம் என்ன என்று கண்டுபிடிக்கும் அறிவு நூறு வருடங்களில் யார் யார் கைக்கு மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரை. முதலில் அது காரின் சொந்தக்காரரிடம் இருந்தது. பிறகு மெக்கானிக்கிடம் போனது. அதற்குப் பிறகு கார் கம்பெனியிடம் போனது. ஒவ்வொரு முறை கை மாறியபோதும் பில்லை எழுதும் கையும் மாறியது.

ஐடிலிங் என்றால் என்ன?

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்ட பிறகும் இன்ஜின் தானாக மெதுவாக ஓடிக்கொண்டிருப்பதுதான் ஐடிலிங். பெரும்பாலான கார்களில் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று. காற்று உள்ளே போகும் வழியில் உள்ள திராட்டில் தகடு அப்போது ஏறக்குறைய முழுக்க மூடியிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நான்கு சிலிண்டர் இன்ஜின், 800 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். அப்படியென்றால் நிமிடத்துக்கு 1600 வெடிப்பு, விநாடிக்குச் சுமார் 27. இதில் ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் விநாடிக்கு ஆறேழு இடத்தில் ஓட்டை விழும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கையில் நாம் உணரும் நடுக்கம் அதுதான். வேகமாகப் போகும்போது சுற்றுகளின் வேகமே இந்த ஓட்டைகளை மூடி மறைத்துவிடும். மெதுவாக ஓடும்போது மறைக்க ஒன்றும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஐடிலிங்கில் இன்ஜின் உள்ளே இழுக்கும் காற்றின் அளவு மிகக் குறைவு. ஒரு ரப்பர் ஹோஸில் சின்ன விரிசல் இருந்து கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்தால், அந்தக் குறைந்த அளவில் அது பெரிய பங்கு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று (எடைக் கணக்கில்) என்பதுதான் முழுமையாக எரிவதற்கான விகிதம். விரிசல் அந்த விகிதத்தைக் கெடுத்துவிடும். அதனால்தான் ஐடிலிங்கைக் கவனிப்பது வைத்தியர் நாடி பிடிப்பது மாதிரி. கலவை, ஸ்பார்க், கம்ப்ரஷன் மூன்றில் எது கெட்டாலும் முதலில் இங்கேதான் தெரியும்.

எது கெட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கிருந்து வரலாறு ஆரம்பிக்கிறது.

விரலால் அழுத்திப் பார்த்த காலம்

1908-ல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரானது. வாங்கியவர்களில் நிறையப் பேர் விவசாயிகள். பக்கத்தில் மெக்கானிக் கிடையாது. எனவே அந்தக் காரை ஓட்டுபவரே அதற்கு மெக்கானிக்காகவும் இருந்தாக வேண்டும். ஸ்டியரிங் தண்டில் இரண்டு லிவர் இருக்கும். ஒன்று ஸ்பார்க் எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதற்கு, மற்றது திராட்டிலுக்கு. கலவையைக் கூட்டிக் குறைக்க டேஷ்போர்டில் ஒரு குமிழ். இன்று கம்ப்யூட்டர் செய்யும் மூன்று வேலைகளையும் அன்று ஓட்டுநர் கையால் செய்தார்.

மாடல் டி-யில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில்கள் ஒரு பெட்டியில் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ரீங்காரமிட்டு அதிரும் ஒரு தகடு. இன்ஜின் மிஸ் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று காரோடு தந்த கையேட்டிலேயே கேள்வி பதிலாகப் போட்டிருந்தார்கள். 1-ஆம், 4-ஆம் காயில்களின் தகடுகளை விரலால் அழுத்திப் பிடி. அவற்றின் ஸ்பார்க் நின்றுவிடும். மீதி இரண்டும் ஒழுங்காக ஓடினால் கோளாறு 1-லோ 4-லோ இருக்கிறது. ஓடாவிட்டால் 2-லோ 3-லோ. பிறகு மூன்று மூன்றாக அழுத்தி, குற்றவாளியைத் தனிமைப்படுத்து.

இந்த முறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "ஒவ்வொன்றாக நிறுத்திப் பார். எதை நிறுத்தினால் மாற்றம் தெரியவில்லையோ, அது ஏற்கெனவே செத்துவிட்டது." நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இந்தத் தர்க்கம் மாறவே இல்லை. மாறியதெல்லாம் அழுத்தும் விரல்தான்.

மெக்கானிக்கின் காது

சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய டெல்கோ இக்னிஷன் 1910 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. இந்த வழியில் வளர்ந்த முறையில் ஒரே ஒரு காயில், திறந்து மூடும் ஒரு பாயிண்ட், ஸ்பார்க்கை வரிசையாகப் பங்கிட்டுத் தரும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். பிறகு ஸ்பார்க் நேரத்தை இன்ஜினே சரிசெய்துகொள்ளும் அமைப்புகளும் சேர, ஓட்டுநரின் லிவர்கள் மறைந்தன. கார் ஓட்டுவது எளிதானது, ஆனால் கோளாறைக் கண்டுபிடிப்பது ஓட்டுபவரின் வேலையாக இல்லாமல் போனது. அந்த இடத்துக்கு மெக்கானிக் வந்தார்.

அவருடைய கருவிகளைப் பாருங்கள். ஒரு ஃபீலர் கேஜ், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பாயிண்டைத் தேய்க்க உப்புத்தாள். காயிலை அழுத்துவதற்குப் பதிலாக இப்போது பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். கழற்றியதும் இன்ஜின் சத்தம் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் உயிரோடு இருக்கிறது. தளராவிட்டால் அங்கேதான் கோளாறு. காற்று கசிகிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினின் பேக்கிங் ஓரங்களில் கொஞ்சம் பெட்ரோல் தெளித்துச் சத்தம் மாறுகிறதா என்று கேட்பார் (தீப்பிடிக்கும் வேலை, யாரும் செய்து பார்க்காதீர்கள்). கொஞ்சம் வசதியான ஒர்க்ஷாப் என்றால் வேக்குவம் கேஜ் இருக்கும். நல்ல இன்ஜினில் அதன் முள் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலத்துக்குள் அசையாமல் நிற்கும். சீரான இடைவெளியில் துள்ளினால் ஏதோ ஒரு வால்வு சரியில்லை.

பிரிட்டிஷ் கார்களில் இருந்த எஸ்.யூ. கார்புரேட்டருக்கு இன்னும் அழகான ஒரு சோதனை உண்டு. அதனுள்ளே மேலும் கீழும் போகும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிவிட்டுக் காதைக் கொடுக்க வேண்டும். சத்தம் ஏறி, ஏறியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் நிற்கப் போனால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் ஏறிப் பழையபடி அடங்கினால் கலவை சரி. கருவி எதுவும் இல்லை, விரலும் காதும்தான்.

இந்தக் காலம் நம் நாட்டில் மற்ற நாடுகளைவிட நீண்டது. அதற்குக் காரணம் பொருளாதாரம். லைசன்ஸ் ஆட்சிக் காலத்தில் இங்கே ஓடிய கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடர், ஃபியட் 1100-இன் வழிவந்த பிரீமியர் பத்மினி, நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாசடருக்கு 1959 வாக்கில் வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் போன்ற பாகங்கள் பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ்ஸில் தயாராயின. (சென்னைக்காரர்களுக்கு "லூகாஸ்" என்றால் பஸ் ஸ்டாப்தான் முதலில் ஞாபகம் வரும்.)

அக்கவுண்ட்ஸ் பாஷையில் சொன்னால், அன்றைய மெக்கானிக்கின் அறிவுக்குத் தேய்மானமே இல்லை. பதினைந்து வயதில் கற்றுக்கொண்ட பாயிண்ட் இடைவெளி (சுமார் 0.4 மி.மீ.) ஐம்பது வயதிலும் அதேதான். மரத்தடியில் கடை போட்டவருக்கும் பெரிய ஒர்க்ஷாப்காரருக்கும் தெரிந்தது ஏறக்குறைய ஒன்றே. அதனால் விலையில் போட்டி இருந்தது. ஒரு மெக்கானிக் அதிகம் கேட்டால் அடுத்த தெருவுக்குப் போகலாம்.

லாஸ் ஏஞ்சலஸ் புகையும் ரப்பர் ஹோஸ் காடும்

இதையெல்லாம் மாற்றியது கார் கம்பெனிகளின் பேராசை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் தொடங்கிவைத்தது மூச்சுத் திணறல். 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரை மூடிய புகைமூட்டம், வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து உண்டாவது என்று ஆரி ஹாகன்ஸ்மித் என்ற வேதியியலாளர் காட்டினார். பிறகு கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

விதிகள் வந்தன. 1961-ல் கலிஃபோர்னியா கார்களில் இன்ஜின் உள்புகையைத் திரும்ப இழுக்கும் பி.சி.வி. வால்வு. 1970-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம். 1973 வாக்கில் புகையில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு. 1975 மாடல்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹோஸ். 1970களின் கடைசியில் அமெரிக்க காரின் பானட்டைத் திறந்தால் கார்புரேட்டரைச் சுற்றி ரப்பர் ஹோஸ்கள் ஒரு காடாக இருந்தன. ஒவ்வொரு ஹோஸும் காற்று கசிய ஒரு புது இடம். இ.ஜி.ஆர். வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால் ஐடிலிங்கில் புகையே உள்ளே போய் இன்ஜின் நடுங்கும். மெக்கானிக்கின் காதுக்கு இப்போது சந்தேகப்பட வேண்டியவர்கள் பட்டியல் மூன்று மடங்கானது.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் கம்ப்யூட்டர். 1981 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் கார்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அதைப் பொருத்தியது. புகைக்குழாயில் ஒரு ஆக்சிஜன் சென்சார் வைத்து, கலவையை நொடிக்கு நொடி அதுவே திருத்திக்கொண்டது. கோளாறு வந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். அந்தக் காலத்து ஜி.எம். கார்களில் சோதனை சாக்கெட்டின் இரண்டு முனைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால், விளக்கு கண் சிமிட்டி எண் சொல்லும். ஆக, வீட்டிலேயே படிக்கலாம். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி எண்ணும் சாக்கெட்டும் வேறு.

1996-ல் இதற்கு முடிவு கட்டினார்கள். அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஒரே 16 முனை சாக்கெட், ஒரே எண் வரிசை. இதற்குப் பெயர் ஓ.பி.டி. 2. இன்று ஸ்கேனரை மாட்டினால் வரும் "பி0300" என்ற எண்ணுக்கு, சிலிண்டர்கள் ஒழுங்கில்லாமல் மிஸ் அடிக்கின்றன என்று பொருள். "பி0303" என்றால் மூன்றாம் சிலிண்டர்.

கம்ப்யூட்டருக்கு இது எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் தண்டு ஒரு துளி வேகம் எடுக்கும். வெடிக்காவிட்டால் ஒரு துளி தளரும். கிராங்க் சென்சார் அந்தத் தளர்ச்சியை அளந்து எந்தச் சிலிண்டர் என்று சொல்கிறது. மாடல் டி ஓட்டியவர் விரலை வைத்துச் செய்ததையும் நம் மெக்கானிக் காதை வைத்துச் செய்ததையும் தான் இந்த சென்சாரும் செய்கிறது.

நம் ஊருக்கு இந்த அலை நீதிமன்றம் வழியாக வந்தது. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் கன்வர்ட்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும் என்பதால் 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க அது நின்றது. 1999-ல் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதிக்கு யூரோ விதிகளை விரைவுபடுத்தியது. 1983 கடைசியில் கார்புரேட்டரோடு பிறந்த மாருதி 800-க்கும் 2000 வாக்கில் எம்பிஎஃப்ஐ வந்துவிட்டது. உப்புத்தாளும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்திருந்தவர் திறந்து பார்த்தால் திருகுவதற்கு ஒன்றுமே இல்லை!

இப்போது நோபல் பரிசு

1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து, விற்பவருக்குத் தெரிந்த விஷயம் வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தை எப்படிக் கெட்டுப்போகும் என்று காட்டியது அது. நல்ல காருக்கும் மோசமான காருக்கும் வாங்குபவரால் வித்தியாசம் காண முடியாது. எனவே எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் தருவார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்காமல் விலகிவிடுவார். மிஞ்சுவது ஓட்டை வண்டிகள். இதற்காக 2001-ல் இன்னும் இருவரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஐடிலிங்குக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. கார்புரேட்டர் வண்டியை விற்பவர் ஐடிலிங் ஸ்க்ரூவை ஒரு திருகு ஏற்றிவைத்தால் நடுக்கம் மறைந்துவிடும். நீங்கள் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்தாலும் பாதிக் கோளாறு தெரியாது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் காலையில் குளிர்ந்த இன்ஜினைத் தாங்களே ஸ்டார்ட் செய்து பார்ப்பது இதனால்தான்.

அகெர்லாஃப் சொன்னது கார் வாங்கும்போது. ரிப்பேர் விஷயம் இன்னும் மோசம். 1973-ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் எழுதிய கட்டுரையில் கார் ரிப்பேர் உதாரணமாக வருகிறது. சில பொருட்களின் தரம் வாங்கும் முன்பே தெரியும். சிலவற்றின் தரம் பயன்படுத்தியபின் தெரியும். வேறு சில உண்டு, பயன்படுத்திய பிறகும் தெரியாது. மெக்கானிக் நான்கு பிளக், ஒரு காயில், ஒரு சென்சார் மாற்றினார், கூடவே ஒரு ஹோஸையும் மாற்றினார். நடுக்கம் நின்றது. ஹோஸ் மட்டும் போதுமாக இருந்ததா? உங்களால் ஒருபோதும் சொல்ல முடியாது. பில் கட்டியாகிவிட்டது, வண்டியும் நன்றாக ஓடுகிறது, சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

ஸ்கேனர் வந்ததும் இந்தப் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. "பி0303" மூன்றாம் சிலிண்டர் வெடிக்கவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, எரிந்துபோன வால்வா, காற்றுக் கசிவா என்று சொல்லாது. காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, எண் "பி0302" ஆகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஸ்கிரீனில் எண் வந்ததும் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பாகங்களை மாற்றுவது சுலபம், லாபமும் கூட. முன்பு காது சொன்னதை வாடிக்கையாளர் எதிர்த்துக் கேட்பார். கம்ப்யூட்டர் சொன்னதை யார் எதிர்த்துக் கேட்பது?

2014

இந்தியக் கார் வரலாற்றில் இந்த வருடம் முக்கியமானது. ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது. மே மாதம் அம்பாசடரின் உத்தர்பாரா ஆலை நின்றது. ஆகஸ்ட் 25-ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் (நாம் பாடத்தில் படிக்கிற அதே 2002 சட்டத்தின் கீழ் வந்த ஆணையம்தான்) 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குற்றம் என்ன தெரியுமா? உதிரி பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும், கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமல் வைத்திருந்தது. வழக்கு பிறகு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனாலும் ஆணையம் அன்று ஏற்றுக்கொண்ட ஒரு விஷயம் முக்கியம். கோளாறைக் கண்டுபிடிக்கும் அறிவும் ஒரு சந்தைதான், அதையும் பூட்டிவைக்க முடியும்.

அமெரிக்காவில் 1990-லேயே தூய காற்றுச் சட்டத் திருத்தம், புகை தொடர்பான ரிப்பேர் தகவல்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்றது. 2012-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் கார்களுக்கு ரிப்பேர் உரிமைச் சட்டமே கொண்டுவந்தது. பெட்டியைக் கட்டாயமாக்கும் அரசு, அதன் சாவி எல்லோருக்கும் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள பாடம். நாம் பெட்டியை வாங்கி வைத்தோம், சாவியைப் பற்றித் தாமதமாகத்தான் யோசித்தோம். நடுவில் எத்தனை மரத்தடிக் கடைகள் மூடின என்பதை எந்தப் பாலன்ஸ் ஷீட்டும் காட்டாது.

திரும்பவும் நம் கைக்கு

ஒரு நல்ல செய்தியோடு முடிக்கிறேன். ஓ.பி.டி. சாக்கெட்டில் மாட்டி ஸ்மார்ட்ஃபோனில் படிக்கும் கருவிகள் இன்று சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. நூறு வருடத்துக்கு முன் மாடல் டி கையேட்டில் சொந்தக்காரருக்குக் கொடுத்த வேலையில் ஒரு பகுதி அவரிடமே திரும்பி வருகிறது. முழுவதும் வரவில்லை. எண்ணைப் படிப்பது நம்மால் முடியும், காரணத்தைத் தேடுவதற்கு இன்றும் விஷயம் தெரிந்த மெக்கானிக் வேண்டும். அவருக்குக் கொடுக்கும் காசு பாகத்துக்கு மட்டும் இல்லை, தேடுவதற்கும் சேர்த்துத்தான் என்பதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். தேடுவதற்குக் கூலி தர மறுத்தால், அவர் பாகத்தை மாற்றித்தான் சம்பாதிப்பார்.

அதனால் உங்கள் வீட்டுப் பழைய கார் சிக்னலில் நடுங்கினால், ஒர்க்ஷாப்பில் இரண்டே கேள்வி கேளுங்கள். "எந்த சிலிண்டர் அண்ணே?" "அது தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" தேடிப் பார்த்தவர் சந்தோஷமாக விளக்குவார், பத்து நிமிடம் பேச்சை நிறுத்த மாட்டார். தேடிப் பார்க்காதவர் பில் புக்கை எடுப்பார்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம். அதற்குள் செமஸ்டர் முடிந்திருந்தால்!